சைவம்தான் சாப்பிடுகிறோம், கொழுப்பு மட்டும் ஏன் குறையவில்லை?

மலாக்கா: புரட்டாசி மாதம் முழுவதும் கவுச்சி தொடாத குடும்பங்கள் ஜாசின், அலோர் காஜா, மஸ்ஜித் தானா வட்டாரங்களில் ஏராளம். செங் சன்னாசிமலை ஆண்டவர் ஆலயத்தின் மாசி மகத்திற்கும், தைப்பூசத்திற்கும் நாள் கணக்கில் விரதம் இருப்பவர்களும் உண்டு. வெள்ளிக்கிழமைச் சைவம் இன்னும் பல வீடுகளில் மாறாத வழக்கம். ஆனால், இப்படிச் சைவம் இருந்துவிட்டு கிளினிக்கில் இரத்தம் எடுத்துப் பார்த்தால் கொலஸ்ட்ரால் அசையாமல் நிற்பதும் உண்டு. சிலருக்கு முன்பைவிடக் கூடியும் இருக்கும்.

இதற்குக் காரணம் இருக்கிறது. கறியையும் மீனையும் நிறுத்துவது ஒன்று. கொழுப்பைக் குறைக்கும் காய், பருப்பு, கடலை, கீரை ஆகியவற்றைத் தட்டில் கூட்டுவது வேறொன்று. முதலாவதை மட்டும் செய்துவிட்டு, அந்த இடத்தில் வடை, அப்பளம், தேங்காய்ப்பால் குருமா, நெய்ச் சோறு, பாயசம் என்று நிரப்பினால் தட்டு சைவமாகிவிடும். இரத்தத்தில் பெரிய மாற்றம் வராது.

இரண்டாவதையும் சேர்த்துச் செய்தால் என்ன நடக்கும் என்பதை மருத்துவ ஆய்வுகள் தெளிவாகவே காட்டியிருக்கின்றன. அதற்கு வேண்டிய பொருள்களில் பெரும்பாலானவை மலாக்கா மாநிலத்தின் எந்தச் சிற்றூர்ச் சந்தையிலும் கிடைப்பவைதான்.

எண்கள் சொல்வது

சுகாதார அமைச்சின் 2023ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தோரில் மூவரில் ஒருவருக்கு, அதாவது 33.3 விழுக்காட்டினருக்கு, கொலஸ்ட்ரால் அளவு அதிகம். 2019ஆம் ஆண்டு ஆய்வில் இது 38.1 விழுக்காடாக இருந்தது. அதே 2019 ஆய்வு, வயது வந்தோரில் ஏறத்தாழ 95 விழுக்காட்டினர் நாளுக்குத் தேவையான அளவு காய்கறியும் பழமும் சாப்பிடுவதில்லை என்றும் சொன்னது.

இந்தியர்களுக்கு இன்னொரு சுமையும் இருக்கிறது. 2019 ஆய்வில் நாட்டின் மொத்த நீரிழிவு விகிதம் 18.3 விழுக்காடு. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. இனிப்பு நீரும் கெட்ட கொழுப்பும் ஒரே உடலில் சேரும்போது இருதயக் குழாய்கள் சீக்கிரம் அடைபடுகின்றன.

52 நாடுகளில் நடத்தப்பட்ட 'இன்டர்ஹார்ட்' என்ற பெரிய ஆய்வின் தரவுகள், தெற்காசிய மக்களுக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53 என்றும், மற்ற நாட்டவர்க்கு அது ஏறக்குறைய 59 என்றும் காட்டின. 53 வயது என்பது மூத்த பிள்ளைக்குக் கல்யாணப் பேச்சு நடக்கும் வயது, கடைக்குட்டி எஸ்.பி.எம். எழுதும் வயது. நம் வீடுகளில் 'திடீரென்று போய்விட்டார்' என்று சொல்லப்படும் பல சாவுகள் உண்மையில் திடீரென்று வந்தவை அல்ல. பல ஆண்டுகளாகக் குழாயில் படிந்த கொழுப்பு அன்று தன்னைக் காட்டிக்கொண்டது, அவ்வளவுதான்.

கொலஸ்ட்ரால் கூடினால் வலிக்காது, தலை சுற்றாது, காய்ச்சல் வராது. இரத்தப் பரிசோதனை ஒன்றுதான் அதைச் சொல்லும்.

தாளில் எதைப் பார்ப்பது?

மலேசிய கிளினிக்குகளில் கொலஸ்ட்ராலை 'மில்லிமோல்' அளவில் எழுதுவார்கள். மொத்தக் கொலஸ்ட்ரால் 5.2க்குக் கீழ் இருப்பது நல்லது. தமிழ்நாட்டிலிருந்து வாட்ஸ்அப்பில் வரும் தகவல்களில் '200க்குக் கீழ்' என்று இருக்கும். இரண்டும் ஒன்றுதான், அளவுகோல்தான் வேறு.

முக்கியமாகப் பார்க்க வேண்டியது எல்.டி.எல். எனப்படும் கெட்ட கொழுப்பு. வேறு நோய் இல்லாதவர்களுக்கு இது 3.0க்குக் கீழ் இருக்க வேண்டும். இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு இலக்கு இன்னும் குறைவு. ஏற்கெனவே மாரடைப்பு கண்டவர்களுக்கு 1.8 அல்லது அதற்கும் கீழே கொண்டுவர மருத்துவர்கள் முயல்வார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு 'பரவாயில்லை' என்று சொல்லப்பட்ட எண் நமக்கும் பரவாயில்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

எல்.டி.எல். அளவு 1.0 குறைந்தால் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்புகள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன என்பது பல பெரிய மருந்து ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் கிடைத்த முடிவு. அதனால் 0.3, 0.5 என்ற சிறு குறைவும் வீண் போவதில்லை, குறிப்பாக அது ஆண்டுக்கணக்கில் நீடித்தால்.

உடல் தானே செய்யும் பொருள்

கொலஸ்ட்ரால் முழுக்க முழுக்கச் சாப்பாட்டிலிருந்து வருவதல்ல. அதன் பெரும்பகுதியை நம் உடலே, முக்கியமாகக் கல்லீரல், உண்டாக்குகிறது. உயிரணுக்களின் சுவருக்கும், சில சுரப்பு நீர்களுக்கும், செரிமானத்திற்கு வேண்டிய பித்த நீருக்கும் அது தேவை.

இரத்தத்தில் ஓடும் கெட்ட கொழுப்பை மீண்டும் இழுத்து உள்ளே வைத்துக்கொள்வதும் கல்லீரலின் வேலை. நெய், வெண்ணெய், இறைச்சிக் கொழுப்பு, தேங்காய், செம்பனை ஆகியவற்றில் அதிகம் இருக்கும் நிறைவுற்ற கொழுப்பு, இந்த இழுக்கும் வேலையை மந்தமாக்குகிறது. இழுக்கப்படாத கொழுப்பு இரத்தத்திலேயே சுற்றுகிறது.

முட்டையின் மஞ்சள் கரு, ஈரல், இறால், கணவாய் போன்றவற்றில் கொலஸ்ட்ரால் நேரடியாகவே இருக்கிறது. தாவரங்களில் அது இல்லை என்றே சொல்லலாம். ஆனால் பெரும்பாலோருக்கு, உணவில் உள்ள கொலஸ்ட்ராலைவிட நிறைவுற்ற கொழுப்புதான் இரத்த அளவை அதிகம் ஏற்றுகிறது. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் சைவச் சமையலறையின் புதிர் அவிழ்ந்துவிடும்.

சைவத்தில் ஒளிந்திருக்கும் கொழுப்பு

தேங்காய் எண்ணெய்ப் புட்டியில் 'கொலஸ்ட்ரால் இல்லை' என்று எழுதியிருப்பது பொய் அல்ல. ஆனால் அந்த எண்ணெயில் 80 விழுக்காட்டுக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. நெய்யில் 60 விழுக்காட்டுக்கு மேல். நாம் அன்றாடம் ஊற்றும் செம்பனை எண்ணெயில் ஏறக்குறைய 45 விழுக்காடு. கடலை எண்ணெயில் சுமார் 20, நல்லெண்ணெயிலும் சோயா எண்ணெயிலும் சுமார் 15, சூரியகாந்தி எண்ணெயில் அதற்கும் குறைவு.

தேங்காய் எண்ணெயைப் பற்றி 2020இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 16 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். சூரியகாந்தி, சோயா போன்ற எண்ணெய்களோடு ஒப்பிடும்போது, தேங்காய் எண்ணெய் கெட்ட கொழுப்பைச் சுமார் 0.27 மில்லிமோல் ஏற்றுகிறது என்பது அவர்களின் முடிவு. செம்பனை எண்ணெயைப் பற்றி 2015இல் வந்த இதே போன்ற ஒரு தொகுப்பாய்வு 0.24 ஏற்றம் என்றது.

இதனால் தேங்காய் விஷம் என்று அர்த்தமில்லை. பொரியலில் தூவும் ஒரு கைப்பிடித் துருவல் வேறு. ஒரு சட்டி குருமாவில் கொட்டும் கெட்டிச் சந்தான் வேறு. இட்லிக்கு ஒரு கரண்டி தேங்காய்ச் சட்னி வேறு. காலையில் நாசி லெமாக், மத்தியானம் தேங்காய்ப்பால் கறி, மாலையில் சந்தான் ஊற்றிய குவே என்று மூன்று வேளையும் வருவது வேறு.

தே தாரிக்கையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். கடைகளில் ஊற்றும் டின் 'பால்' பல நேரங்களில் அசல் பாலே அல்ல. பால் கொழுப்புக்குப் பதிலாகச் செம்பனைக் கொழுப்பும் சீனியும் சேர்த்த இனிப்புக் கிரீமர். ரொட்டி சானாய் மாவில் அடிக்கும் மார்ஜரினோ நெய்யோ கண்ணுக்குத் தெரியாது. முறுக்கு, வடை, கறிப்பாப் எல்லாம் மாமிசம் இல்லாமலும் செய்யப்படுபவைதான். எண்ணெய் இல்லாமல் செய்யப்படுபவை அல்ல.

மொரீஷியஸ் தந்த பாடம்

சமையல் எண்ணெய் இவ்வளவு முக்கியமா என்று கேட்பவர்களுக்கு, மொரீஷியஸ் தீவின் கதை நல்ல பதில். கரும்புத் தோட்டங்களுக்காக இந்தியர்கள் கப்பலேற்றப்பட்ட நாடு அது. தமிழர்களும் அங்கே தலைமுறைகளாக வாழ்கிறார்கள். அந்நாட்டுப் பணத்தாளில் தமிழ் எழுத்து இருக்கிறது. பால்மரத் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோரின் வரலாற்றோடு ஒட்டிய வரலாறு.

1980களில் அங்கே மக்கள் வாங்கிய ரேஷன் சமையல் எண்ணெயில் பெரும்பகுதி செம்பனை எண்ணெய். இருதய நோயும் நீரிழிவும் கூடிக்கொண்டிருந்ததைக் கண்ட அரசு, 1987இல் ஒரு பெரிய சுகாதாரத் திட்டத்தைத் தொடங்கியது. அதன் ஒரு பகுதியாக, ரேஷன் எண்ணெய் சோயா எண்ணெயாக மாற்றப்பட்டது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1992இல், மக்களின் சராசரிக் கொலஸ்ட்ரால் 5.5இலிருந்து 4.7ஆக இறங்கியிருந்தது. ஒரு நாட்டின் சராசரி இவ்வளவு குறுகிய காலத்தில் இவ்வளவு இறங்குவது அபூர்வம்.

முழுக் குறைவும் எண்ணெயால் மட்டும் வந்ததல்ல என்று ஆய்வாளர்களே குறிப்பிட்டார்கள். இன்னொரு உண்மையும் உண்டு: அதே ஐந்து ஆண்டுகளில் உடல் பருமன் கூடியது, நீரிழிவு குறையவில்லை. எண்ணெயை மாற்றினால் கொலஸ்ட்ரால் இறங்கும்; ஆனால் அளவையும் அசைவையும் கவனிக்காவிட்டால் மற்ற நோய்கள் அங்கேயே நிற்கும்.

நம் நாட்டில் உதவித்தொகை விலையில் கிடைக்கும் ஒரு கிலோ பாக்கெட் எண்ணெய் 2 ரிங்கிட் 50 காசு. அது செம்பனை எண்ணெய். சூரியகாந்தி, சோளம், கடலை எண்ணெய்களின் விலை அதைவிடப் பல மடங்கு. மாதச் சம்பளத்தை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் குடும்பத்திடம் 'எண்ணெயை மாற்றுங்கள்' என்று சொல்வது எளிது; செய்வது கடினம். அவர்களுக்கு உடனடியாகக் கைக்கு எட்டுவது அளவைக் குறைப்பது. பாக்கெட்டைச் சாய்த்து ஊற்றாமல் கரண்டியால் அளந்து ஊற்றினால், ஒரு பாக்கெட் எத்தனை நாள் கூடுதலாக வருகிறது என்பதை அந்த மாதமே பார்க்கலாம். அதற்குக் கூடுதல் காசு தேவையில்லை, மிச்சம்தான்.

வெண்டைக்காயும் கத்தரிக்காயும் செய்த வேலை

எதைக் குறைப்பது என்று பார்த்தோம். எதைக் கூட்டுவது என்பதற்குக் கனடாவின் டொரண்டோ பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு சோதனை விடை தருகிறது. டேவிட் ஜென்கின்ஸ் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் 2003இல் வெளியிட்ட ஆய்வு அது.

கொலஸ்ட்ரால் அதிகமுள்ள 46 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். முதல் குழுவுக்கு நிறைவுற்ற கொழுப்பு மிகக் குறைந்த சாப்பாடு. இரண்டாவது குழுவுக்கு அதே சாப்பாட்டோடு 'ஸ்டேட்டின்' வகை மாத்திரை. மூன்றாவது குழுவுக்கு மாத்திரை இல்லை. அதற்குப் பதிலாக நான்கு வகைத் தாவர உணவுகள் சேர்ந்த தட்டு. சோயா போன்ற தாவரப் புரதம், பாதாம் பருப்பு, வழுவழுப்பான நார்ச்சத்து, தாவர ஸ்டெரால். இவைதான் அந்த நான்கு.

ஒரு மாதம் கழித்து, முதல் குழுவின் கெட்ட கொழுப்பு 8 விழுக்காடு குறைந்தது. மாத்திரைக் குழுவுக்கு 30.9 விழுக்காடு. தாவர உணவுக் குழுவுக்கு 28.6 விழுக்காடு. அன்றைய அளவு மாத்திரைக்குச் சற்றே பின்னால் வந்து நின்றது சாப்பாடு.

வழுவழுப்பான நார்ச்சத்துக்காக அவர்கள் தேர்ந்தெடுத்த உணவுகளில் ஓட்ஸ், வாற்கோதுமை ஆகியவற்றோடு வெண்டைக்காயும் கத்தரிக்காயும் இருந்தன. நம் சாம்பாரில் மிதப்பவைதான்.

இந்த நார்ச்சத்து எப்படி வேலை செய்கிறது? வெண்டைக்காயை நறுக்கும்போது கையில் ஒட்டும் அந்த வழுவழுப்பு, குடலில் கூழ் போலாகிறது. செரிமானத்திற்காக வந்த பித்த நீரை அது பிடித்து வைத்துக்கொண்டு மலத்தோடு வெளியேற்றுகிறது. இழந்த பித்த நீரை ஈடுகட்டக் கல்லீரல் புதிதாகச் செய்ய வேண்டும். அதற்கு மூலப்பொருள் கொலஸ்ட்ரால். அதை அது இரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்கிறது. இரத்தத்தில் அளவு இறங்குகிறது.

அந்த 2003 சோதனையில் சாப்பாடு முழுவதையும் ஆய்வாளர்களே கொடுத்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. 2011இல் அதே குழு, 351 பேருக்கு ஆலோசனை மட்டும் கொடுத்து, அவரவர் வீட்டில் சமைத்துச் சாப்பிட விட்டது. ஆறு மாதம் கழித்துக் கிடைத்த குறைவு ஏறக்குறைய 13 விழுக்காடு. கல்யாணமும் திருவிழாவும் வேலைக் களைப்பும் உள்ள வாழ்க்கையில் எதிர்பார்க்கக்கூடிய எண் இதுதான். எல்.டி.எல். 4.0 இருப்பவருக்கு அது சுமார் 3.5ஆக இறங்கும் என்று பொருள்.

2023இல் டென்மார்க் ஆய்வாளர்கள் 30 சோதனைகளைத் தொகுத்து வெளியிட்ட முடிவும் இதை ஒட்டியே இருக்கிறது. சைவ, முழுத்தாவர உணவுக்கு மாறியவர்களுக்குக் கெட்ட கொழுப்பு சராசரியாக 10 விழுக்காடு குறைந்தது.

சந்தையில் கிடைக்கும் மருந்துகள்

கனடாவின் பாதாம் பருப்பை விலை கேட்டால் தலை சுற்றும். ஆனால் அந்த வேலையைச் செய்ய உள்ளூரில் ஆள் இருக்கிறது.

*பருப்பும் கடலையும்:* துவரை, பாசிப்பயறு, கொண்டைக்கடலை, தட்டைப்பயறு எல்லாம் இதில் அடங்கும். நாளுக்கு 130 கிராம், அதாவது வேகவைத்த பிறகு ஏறக்குறைய முக்கால் கப், சாப்பிட்டவர்களுக்குக் கெட்ட கொழுப்பு 5 விழுக்காடு குறைந்தது என்று 26 சோதனைகளின் தொகுப்பு 2014இல் காட்டியது. கோயிலில் கொடுக்கும் சுண்டலை வாரத்தில் நான்கு நாள் வீட்டிலும் செய்தால் போதும். 'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்ற பழமொழியில் வரும் கொள்ளும் இந்தப் பயறு குடும்பம்தான்.

*தெம்பேயும் தவ்ஹூவும்:* சோயாப் புரதத்திற்கு இவற்றைவிட மலிவான வழி இல்லை. நாளுக்கு 25 கிராம் சோயாப் புரதம் கெட்ட கொழுப்பை 3 முதல் 4 விழுக்காடு குறைக்கும். இறைச்சியின் இடத்தில் இவை வந்தால் பலன் இரட்டிப்பு. ஆனால் எண்ணெயில் மிதக்கப் பொரித்த தெம்பே அந்தப் பலனைத் தின்றுவிடும். புளிக் குழம்பிலோ சாம்பாரிலோ போடுவது நல்லது.

*வேர்க்கடலை:* பாதாமின் வேலையில் பெரும்பகுதியை இது செய்யும். பொரிக்காமல், உப்பில்லாமல் வறுத்தோ அவித்தோ ஒரு கைப்பிடி. ஒரு கைப்பிடிதான், டின்னோடு மடியில் வைத்துக்கொண்டால் எடை ஏறும்.

*ஓட்ஸ்:* இதன் நார்ச்சத்து நாளுக்கு 3 கிராம் கிடைக்க வேண்டுமானால் சுமார் 75 கிராம் ஓட்ஸ் வேண்டும். தனியே கஞ்சியாகப் பிடிக்காதவர்கள் தோசை மாவில் அரைத்துக் கலக்கலாம், உப்புமாவாகக் கிளறலாம். பாக்கெட்டில் வரும் இனிப்பு ஓட்ஸ் பானம் இதற்கு ஈடாகாது. அதில் சீனியும் கிரீமரும்தான் முன்னால் நிற்கும்.

*காயும் கீரையும்:* வெண்டை, கத்தரி, பயற்றங்காய், பாகல், கங்கோங், முருங்கைக் கீரை, வல்லாரை எதுவானாலும் சரி. கத்தரிக்காய் மட்டும் பஞ்சு போல எண்ணெயை உறிஞ்சும். பொரிப்பதைவிடச் சுட்டோ வேகவைத்தோ கடைவது நல்லது.

தாவர ஸ்டெரால் நாளுக்கு 2 கிராம் சேர்ந்தால் நல்ல குறைவு கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் சாதாரணச் சாப்பாட்டில் அதில் ஒரு சிறு பங்குதான் கிடைக்கும். மீதிக்குச் செறிவூட்டிய பால், மார்ஜரின் போன்றவற்றை வாங்க வேண்டும். கையில் காசில்லாதவர்கள் இதை விட்டுவிடலாம். மற்ற மூன்றுமே போதுமான வேலை செய்யும்.

பூண்டு, வெந்தயம், இஞ்சிச் சாறு பற்றியும் கேள்விகள் வரும். சமையலில் சேர்ப்பது நல்லதுதான். காலையில் ஒரு பல் பூண்டை விழுங்கிவிட்டு மற்ற நேரம் பழையபடி சாப்பிடுபவருக்கு அது காப்பாக நிற்காது.

சோறும் சீனியும்

நம்மவர்களின் இரத்த அறிக்கையில் அடிக்கடி காணப்படும் ஒரு வடிவம் உண்டு: டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு அதிகம், எச்.டி.எல். என்ற நல்ல கொழுப்பு குறைவு. இதை எண்ணெயைவிட மாவும் சீனியும்தான் அதிகம் கிளப்பிவிடுகின்றன. ஒரு மலை வெள்ளைச் சோறு, அதன்மேல் குழம்பு, ஓரத்தில் ஒரு கரண்டி காய் என்ற தட்டு, இறைச்சி இல்லாவிட்டாலும் இதைச் சரிசெய்யாது. மதுவும் இந்தக் கொழுப்பை ஏற்றும் என்பதைக் குடும்பத்து ஆண்கள் காதில் போட்டுக்கொள்ள வேண்டும்.

சுகாதார அமைச்சு சொல்லும் 'சுக்கு சுக்கு செப்பாரோ' முறை இதற்கு எளிய வழி. தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு பருப்போ மீனோ தவ்ஹூவோ, பாதித் தட்டு காயும் பழமும். வாழையிலையில் பரிமாறும்போது நடுவில் சோற்றுக்கு இருக்கும் இடத்தையும், மேலே காய்களுக்கு இருக்கும் இடத்தையும் மாற்றிப்போட்டால் அதுதான் இது.

லயத்துத் தோட்டம் எங்கே போனது?

மலேசிய ரப்பர் தோட்டத் தொழில் தொடங்கியதே இந்த மாநிலத்தில்தான். 1890களில் தான் சாய் யான் என்ற வணிகர் புக்கிட் லிந்தாங்கிலும், பிறகு புக்கிட் ஆசகானிலும் ரப்பர் நட்டார். அந்தத் தோட்டங்களை நம்பி வந்தவர்கள் விடியும் முன் எழுந்து, நூற்றுக்கணக்கான மரங்களை நடந்து நடந்து சீவி, பால் வாளியைச் சுமந்தவர்கள். அவர்கள் நிறையச் சோறு சாப்பிட்டார்கள். அதை எரிக்கவும் செய்தார்கள். லயத்துக்குப் பின்னால் முருங்கை, கத்தரி, வெண்டை, பசலை இருந்தன. கறி என்பது பெரும்பாலும் தீபாவளிக்கும் திருவிழாவுக்கும்தான்.

பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் கைமாறின, துண்டாயின, வீடமைப்புப் பகுதிகளாயின. மக்கள் தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் குடிபெயர்ந்தார்கள். நடந்து வேலை செய்தவரின் பேரன் இன்று தொழிற்சாலையில் ஷிப்ட்டில் நிற்கிறார், லாரி ஓட்டுகிறார், கணினி முன் உட்கார்ந்திருக்கிறார். சோற்றின் அளவு மாறவில்லை. கோழி விலை மலிந்தது. கீரைப் பாத்தி காணாமல் போனது. நள்ளிரவு ஷிப்ட் முடிந்து வருபவருக்குத் திறந்திருப்பது மாமாக் கடைதான்.

பழைய தோட்ட வாழ்க்கையைப் பொற்காலம் என்று சொல்வதற்கில்லை. அந்த வறுமையை யாரும் திரும்பக் கேட்க மாட்டார்கள். ஆனால் அந்தத் தட்டில் இருந்த பருப்பும் கீரையும் காசில்லாததால் மட்டும் அங்கே இருந்தவை அல்ல, கைக்கெட்டும் தூரத்தில் விளைந்ததால் இருந்தவை. அடுக்குமாடித் தாழ்வாரத்தில் ஒரு பெயிண்ட் டின்னில்கூட வெண்டையும் பசலையும் வளரும்.

ஒரு நாள் சாப்பாடு எப்படி இருக்கலாம்?

காலைப் பசியாறலுக்கு ஓட்ஸ் கலந்த தோசை, காய் நிறையப் போட்ட சாம்பார். தேத்தண்ணியில் டின் பாலுக்குப் பதில் கொழுப்பு நீக்கிய பால், அல்லது வெறும் 'தே ஓ', சீனி குறைத்து.

மத்தியானம் ஒரு கிண்ணம் சோறு, கெட்டிப் பருப்பு, வெண்டைக்காய் புளிக் குழம்பு, கீரைப் பொரியல். குருமா கெட்டியாக வேண்டுமென்றால் சந்தானுக்குப் பதில் வேகவைத்த பருப்பையோ, அரைத்த வேர்க்கடலையையோ சேர்க்கலாம். விட மனமில்லை என்றால் சந்தானைப் பாதியாக்கித் தண்ணீர் கூட்டலாம்.

மாலையில் வடைக்குப் பதில் சுண்டல், கூடவே ஒரு கொய்யாவோ பப்பாளித் துண்டோ. இரவு சப்பாத்தி இரண்டு, தவ்ஹூவோ தெம்பேயோ போட்ட காய்கறிக் குழம்பு.

மீனையும் கோழியையும் முற்றாக விட வேண்டும் என்று கட்டாயமில்லை. வாரத்தில் நான்கைந்து நாள் இப்படி இருந்து, மற்ற நாளில் தோல் நீக்கிய கோழியோ மீனோ சாப்பிட்டாலும் முன்னேற்றம் தெரியும். வீட்டில் ஒருவருக்கு மட்டும் தனிச் சமையல் என்றால் அது இரண்டு வாரம் தாங்காது. குடும்பம் முழுவதும் ஒரே சட்டியில் சாப்பிட்டால்தான் நிலைக்கும். பிள்ளைகளுக்கும் அது நல்லதே.

இவர்கள் கவனமாக இருக்க வேண்டும்

மாத்திரை சாப்பிடுபவர்கள் சாப்பாட்டை மாற்றிவிட்டோம் என்று தாங்களாக மாத்திரையை நிறுத்தக் கூடாது. மாரடைப்பு கண்டவர்களுக்கும் இனிப்பு நீர் உள்ளவர்களுக்கும் இரண்டும் சேர்ந்தே வேண்டும். எண் இறங்கினால் அளவைக் குறைப்பது பற்றி மருத்துவர்தான் முடிவு செய்வார்.

குடும்பத்தில் இளவயது மாரடைப்புகள் இருந்தாலோ, ஒல்லியாக இருந்தும் கொலஸ்ட்ரால் மிக அதிகமாக இருந்தாலோ, அது பரம்பரையாக வருவதாக இருக்கலாம். உலகில் ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்கு இது உண்டு. இவர்களுக்குச் சாப்பாடு மட்டும் போதாது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைகளையும் சோதிக்க வேண்டும்.

சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்குப் பருப்பு, கீரை, கடலை ஆகியவற்றில் உள்ள பொட்டாசியமும் பாஸ்பரசும் ஆபத்தாகலாம். இரத்தம் உறையாமல் இருக்க 'வார்ஃபரின்' எடுப்பவர்கள் கீரையின் அளவைத் திடீரென்று கூட்டக் கூடாது. இனிப்பு நீருக்கு மருந்தோ ஊசியோ எடுப்பவர்கள் சோற்றைச் சட்டென்று பாதியாக்கினால் இரத்தச் சர்க்கரை மிகவும் இறங்கிவிடலாம். இவர்கள் எல்லாரும் முதலில் மருத்துவரையோ உணவியல் நிபுணரையோ கேட்க வேண்டும்.

பால், முட்டைகூட இல்லாத முழுத்தாவர உணவுக்கு மாறுபவர்களுக்கு பி12 வைட்டமின் தனியாகத் தேவைப்படும். இனிப்பு நீருக்கு 'மெட்ஃபார்மின்' நெடுநாள் எடுப்பவர்களுக்கும் இந்தச் சத்து குறைய வாய்ப்புண்டு.

சோதனைக்கு எங்கே போவது?

அரசு கிளினிக்கில் மலேசியக் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு ரிங்கிட். எஸ்.டி.ஆர். உதவித்தொகை பெறும் 40 வயதுக்கு மேற்பட்டவர்களும் அவர்களின் கணவன் அல்லது மனைவியும் 'பெக்கா பி40' திட்டத்தின் கீழ் இலவசமாக உடல் பரிசோதனை செய்துகொள்ளலாம். இத்திட்டத்தில் இணைந்துள்ள தனியார் கிளினிக்குகளுக்கு மைகார்டு எடுத்துச் சென்றால் போதும். தொழிற்சாலையிலும் தோட்டத்திலும் வேலை செய்து சொக்சோ சந்தா கட்டுபவர்கள், அவ்வமைப்பு 40 வயதுடைய தொழிலாளர்களுக்குத் தரும் இலவசப் பரிசோதனை பற்றியும் கேட்டுப் பார்க்கலாம்.

முதல் சோதனையின் தாளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டை மாற்றி இரண்டு, மூன்று மாதம் கழித்து மீண்டும் சோதியுங்கள். மாற்றம் தெரிய அவ்வளவு காலம் போதும். இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்து எல்.டி.எல். என்ற வரியைப் பாருங்கள். இறங்கியிருந்தால் சமையலறை சரியான வழியில் போகிறது. இறங்கவில்லை என்றால், மாத்திரையைத் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் பேச வேண்டிய நேரம் அது.